குஷன், திண்டு, ஊஞ்சல் மெத்தைக்கு பைப்பிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் குஷன் உறை தைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கடையில் வாங்கிய உறையா, வீட்டில் தைத்ததா என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். காட்டிக்கொடுப்பது அந்த ஓரத்து பைப்பிங்தான், அதாவது உள்ளே கயிறு வைத்து மூடி, ஓரத் தையலில் பிடிக்கும் துணிப் பட்டி. அது நெளிந்தால் பலரும் மிஷினைத் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை பைப்பிங் கெடுவது கத்தரிக்கோல் பிடிக்கும்போதே. மிஷினுக்கு வந்ததும் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் வெட்டுவது பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட் கழுத்துக்கு பைப்பிங் வைத்துப் பழக்கம் உண்டு. குஷனுக்கும் அதேதானே?

பாதி அதேதான். கிராஸ் துணி (நூலுக்குச் சாய்வாக வெட்டியது), உள்ளே கயிறு, ஓரத்தை ஒட்டித் தையல், எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ஜாக்கெட்டில் கயிறு நூல் கனம்தான் இருக்கும். லைனிங்கைத் திருப்பி மடித்துவிட்டால் ஓரத்தில் சமத்தாக நின்றுவிடும். குஷனில் பைப்பிங் இரண்டு துணிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. முன்துணி ஒரு பக்கம் இழுக்கும், பின்துணி மறுபக்கம் இழுக்கும், உள்ளிருந்து பஞ்சு தள்ளும், மேலே ஆள் சாய்வார். இத்தனைக்கும் நடுவில் அது நேராக நிற்க வேண்டும்.

வெறும் அழகுக்காக வைப்பதும் இல்லை. சோபாவில் முதலில் தேய்வது குஷனின் ஓரம். பைப்பிங் இருந்தால் அது தேயும், தையல் பிழைக்கும். உறையின் வடிவமும் நிற்கும். பைப்பிங் இல்லாத ஊஞ்சல் மெத்தை ஆறு மாதத்தில் மூட்டை மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

உள்ளே எந்தக் கயிறு வைப்பது?

முறுக்கிய பருத்திக் கயிறு. தையல் சாமான் கடையில் பைப்பிங் கயிறு என்று கேட்டாலே மீட்டர் கணக்கில் தருவார்கள். 16 இஞ்ச் குஷனுக்கு 4 மில்லிமீட்டர் கனம் போதும். ஊஞ்சல் மெத்தை, திவான் மாதிரி பெரியவற்றுக்கு 6 மி.மீ. திண்டின் வட்ட முகம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் 10 வரை போகலாம். அதற்கு மேல் போனால் மூலையில் மிஷின் ஏறாது.

கொடிக் கயிறாகக் கட்டும் நைலானை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வழுக்கும், விறைப்பாக நிற்கும், மூலையில் வளைய மறுக்கும். சணல் கயிறும் வேண்டாம். அதன் நார் துணியைத் தாண்டி வெளியே குத்தும், ஈரம் பட்டால் வாடையும் வரும். சோபா வேலை செய்பவர்கள் பேப்பரை முறுக்கிய கயிறு ஒன்று வைப்பார்கள். ஆணியடித்து நிரந்தரமாக இழுத்துக் கட்டும் சோபாவுக்கு அது சரி. துவைக்கிற உறைக்குள் பேப்பருக்கு வேலை இல்லை.

வாங்கிய பருத்திக் கயிற்றை அப்படியே வைத்துவிடாதீர்கள். சுடுதண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். ஏன் என்பது கீழே சாயம், சுருக்கம் பற்றிய கேள்வியில் வரும்.

துணியை ஏன் கிராஸாக வெட்ட வேண்டும்? எவ்வளவு வீணாகிறது!

ஒரு கைக்குட்டையை எடுத்து ஓரத்தோடு ஓரமாக இழுத்துப் பாருங்கள், அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். ரப்பர் மாதிரி நீளும். நேர் நூலும் குறுக்கு நூலும் 90 டிகிரியில் பின்னியிருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவில், 45 டிகிரியில், நூல் எதுவும் நேராகத் தடுப்பதில்லை. அதனால் துணி அங்கே நெகிழ்கிறது. மூலையிலும் வளைவிலும் கயிற்றைச் சுற்றிச் சுருக்கமில்லாமல் படிய இந்த நெகிழ்வுதான் வேண்டும். நேர் நூலில் வெட்டிய பட்டியை வட்டத்தில் வைத்துத் தைத்தால் ஒவ்வொரு இஞ்சுக்கும் ஒரு மடிப்பு விழும்.

இதில் ஏமாற்றமாக முடிவது, 45 என்று நினைத்துக் குத்துமதிப்பாக 35-இல் வெட்டுவது. பட்டி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். தைத்து முடித்து எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்த முறுக்கு போகாது. துணியின் கரையோரத்தை எடுத்து, குறுக்கு நூலின் மேல் சரியாகப் படியும்படி முக்கோணமாக மடியுங்கள். மடிப்பு விழும் கோடுதான் சரியான கிராஸ். ஸ்கேல், டிகிரி எதுவும் தேவையில்லை.

வீணாகும் கவலைக்கு அடுத்தடுத்த பதில்களில் மருந்து இருக்கிறது. தவிர, விதிவிலக்கும் உண்டு. வளைவே இல்லாத நேர் ஓரம், உதாரணமாக ஜன்னல் திண்ணையில் போடும் நீள மெத்தையின் முன் ஓரம் மட்டும் என்றால், நேர் நூலிலேயே வெட்டிக்கொள்ளலாம். பனியன் மாதிரிப் பின்னல் துணி தானாகவே நீளும். அதற்கும் கிராஸ் வேண்டாம்.

பட்டி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

கயிற்றின் சுற்றளவோடு, இரண்டு பக்கமும் தையலுக்கு விடும் துணி. 4 மி.மீ. கயிற்றுக்குச் சுற்றளவு ஏறக்குறைய அரை இஞ்ச். தையலுக்கு இரு பக்கமும் அரை அரை இஞ்ச். ஆக 1½ இஞ்ச். 6 மி.மீ. கயிற்றுக்கு 1¾, 10 மி.மீ. கயிற்றுக்கு 2¼.

இந்தக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு: துணியின் ஒரு மூலையைக் கயிற்றின் மேல் மடித்து, கயிற்றை ஒட்டிக் குண்டூசி குத்துங்கள். ஊசியிலிருந்து அரை இஞ்ச் தள்ளி வெட்டி, விரித்து அளந்தால் உங்கள் துணிக்கு ஏற்ற அகலம் கையில் இருக்கும். தடித்த துணிக்கு இதுதான் நம்பகமான வழி, ஏனென்றால் துணியின் கனமும் கணக்கில் வந்துவிடுகிறது.

பட்டியில் தையலுக்கு விடுவதும், குஷன் துணியில் தையலுக்கு விடுவதும் ஒரே அளவாக இருக்கட்டும். இரண்டும் அரை இஞ்ச் என்றால் ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்துக்கொண்டே போகலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். இரண்டும் வேறாக இருந்தால் ஒவ்வொரு இஞ்சுக்கும் கண்ணால் அளந்துகொண்டிருப்பீர்கள்.

ஐந்து குஷனுக்கு எவ்வளவு துணி வாங்க?

16 இஞ்ச் சதுரக் குஷனுக்கு நான்கு பக்கமும் சேர்ந்து 64. முனைகளை இணைக்க 4 சேருங்கள், 68. ஐந்துக்கு 340. தைத்துப் பார்க்கக் கொஞ்சம் வேண்டுமே, 350 என்று வைப்போம். அதை 1½ அகலத்தால் பெருக்கினால் 525 சதுர இஞ்ச். அதாவது 23 இஞ்ச் சதுரத் துண்டு. இணைப்புத் தையலில் போவது, கடைசியில் மிஞ்சும் அரைப் பட்டி எல்லாம் சேர்த்து 25 இஞ்ச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் 44 இஞ்ச் அகலப் பன்னாவில் முக்கால் மீட்டர் கேட்டு வாங்கினால், நனைத்துச் சுருங்கிய பிறகும் தாராளமாக இருக்கும். கயிறு 10 மீட்டர்.

ஒரு சதுரத்திலிருந்து எத்தனை இஞ்ச் கிடைக்கும் என்று தெரிய, சதுரத்தின் பரப்பைப் பட்டி அகலத்தால் வகுத்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். இதுவரை இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

பட்டி பட்டியாக வெட்டி ஒட்டாமல், ஒரே நீளமாக வெட்டும் முறை உண்டாமே?

உண்டு. முதல் தடவை படிக்கும்போது தலை சுற்றும். ஒரு பேப்பரை வைத்துச் செய்து பார்த்துவிட்டுத் துணியைத் தொடுங்கள்.

சதுரத் துண்டை மூலைக்கு மூலை வெட்டுங்கள். இரண்டு முக்கோணம் கிடைக்கும். சதுரமாக இருந்தபோது எதிரெதிராக இருந்த இரண்டு நேர் ஓரங்களை (மேல் ஓரமும் கீழ் ஓரமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்) நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, கால் இஞ்சில் தையுங்கள். விரித்தால் சாய்ந்த நாற்கோணம் ஒன்று வரும். தையலுக்கு விட்ட துணியை இரு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள்.

இந்த நாற்கோணத்தில் இரண்டு ஓரம் கிராஸ், இரண்டு ஓரம் நேர் நூல். கிராஸ் ஓரத்துக்கு இணையாக, கெட்ட பக்கத்தில், 1½ இஞ்சுக்கு ஒரு கோடாகப் போட்டுக்கொண்டே போங்கள். சாக்பீஸை விட பென்சில் நல்லது; சாக்குக் கோடு தடித்தால் அங்கேயே அகலம் மாறும். கடைசியில் அரைப் பட்டி மிஞ்சினால் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போதுதான் தந்திரம். நேர் நூல் ஓரங்கள் இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துக் குழாயாகச் சேருங்கள். ஆனால் கோட்டுக்கு நேர் கோடாக வைக்காமல் ஒரு கோடு தள்ளி வையுங்கள். ஒரு முனையில் ஒரு பட்டி அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மறுமுனையிலும் அப்படியே. கோடுகள் சந்திக்க வேண்டிய இடம் துணியின் விளிம்பு அல்ல, தையல் போகும் கால் இஞ்ச் உள்ளே. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு குண்டூசி குத்திச் சரிபார்த்துவிட்டுத் தையுங்கள். குழாய் கோணல்மாணலாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து கோட்டைப் பிடித்து வெட்டத் தொடங்கினால், ஆப்பிள் தோல் சீவுவது போலச் சுற்றிச் சுற்றி ஒரே பட்டியாக வந்து முடியும்.

ஓரிரு குஷனுக்கு இந்தப் பாடு தேவையில்லை. தனித்தனிப் பட்டியாக வெட்டி, இரண்டு முனைகளையும் ‘ட’ மாதிரி ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, சாய்வாகத் தைத்து இணையுங்கள். நேராகத் தைத்து இணைத்தால் அந்தக் கனமெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து, கயிற்றின் மேல் முடிச்சுப் போலத் தெரியும். சாய்வாக இருந்தால் கனம் பரவிவிடும்.

வீட்டில் பழைய கறுப்பு மிதி மிஷின்தான். அதில் வருமா?

தாராளமாக. உஷாவோ சிங்கரோ மெரிட்டோ, நேர்த்தையல் மட்டும் போடும் மிஷின் இதற்குப் போதும். மாற்ற வேண்டியது, ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட். சாதாரண ஃபுட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இருப்பதால் கயிற்றின் மேல் ஏறி நழுவும். ஜிப் தைக்க வைக்கும், ஒரு பக்கம் மட்டும் கால் உள்ள ஃபுட்டைக் கேட்டு வாங்குங்கள். பவர் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு அடியில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் உள்ள பைப்பிங் ஃபுட்டே கிடைக்கும். பள்ளத்தின் அளவு கயிறும் துணியும் சேர்ந்த கனத்துக்குப் பொருந்த வேண்டும். பள்ளம் பெரிதாக இருந்தால் கயிறு உள்ளே ஆடும்.

ஊசி சாதாரணப் பருத்திக்கு 14, சோபா துணிக்கு 16, நான்கைந்து அடுக்கு சேரும் தடித்த துணிக்கு 18. தையல் விட்டு விட்டு விழுந்தால் டென்ஷனைத் திருகுவதற்கு முன்னால் ஊசியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். மூலையில் கனம் ஏறும்போது பெடலை அழுத்தாமல், சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தையல் போட்டுக் கடந்து வாருங்கள்.

முடித்துத் திருப்பினால், கயிற்றை மூடிய தையல் வெளியே தெரிகிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கயிற்றை மூடும்போது ஒன்று, முன்துணியில் பிடிக்கும்போது ஒன்று, பின்துணியை வைத்து முடிக்கும்போது ஒன்று என மொத்தம் மூன்று தடவை தையல் போகிறது. மூன்றும் ஒரே கோட்டில் போக வேண்டும் என்று நினைத்து, முதல் தடவையே கயிற்றை நெருக்கிப் பிடித்துவிடுகிறோம். அப்புறம் வரும் தையல்கள் அதைவிட நெருங்க இடம் இல்லை. கொஞ்சம் விலகினாலும் முதல் தையல் வெளியே வந்துவிடுகிறது.

முதல் தையலைக் கயிற்றிலிருந்து ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) தள்ளியே போடுங்கள். தையல் நீளமும் பெரிதாக, 4-இல் இருக்கட்டும். அது கயிறு உள்ளே நிற்க மட்டும். இரண்டாவது, முன்துணியோடு சேர்க்கும் தையல், அரை நூல் உள்ளே. மூன்றாவதுதான் கயிற்றை உரசிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவதைத் தைக்கும்போது முன்துணியின் கெட்ட பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். இரண்டாவது தையல் கண்ணுக்குத் தெரியும், அதற்கு உள்ளே போனால் போதும். விரலால் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே தைக்கலாம்.

முதல் தையலின்போது இன்னொன்று: பட்டியை இழுக்காதீர்கள். கிராஸ் துணி இழுத்த இழுப்புக்கு வரும், தைத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அப்போதுதான் பைப்பிங் கயிறு முறுக்கிய மாதிரிச் சுற்றிச் சுற்றித் தெரியும்.

மூலை கொம்பு மாதிரி நீட்டிக்கொள்கிறது, அல்லது சுருங்கி உள்ளே இழுக்கிறது.

இரண்டும் வேறு வேறு நோய்.

கொம்புக்குக் காரணம் துணி. பஞ்சு மூலை வரை போவதில்லை. சதுரமாக வெட்டினால் மூலை காலியாக நீட்டும். ஒவ்வொரு மூலையிலும் அரை இஞ்ச் உள்ளே ஒரு புள்ளி வையுங்கள். மூலையிலிருந்து 4 இஞ்ச் தள்ளித் தொடங்கி, அந்தப் புள்ளியை நோக்கி மெல்லச் சாய்த்து வெட்டுங்கள். தைத்துப் பஞ்சு திணித்தால் சதுரமாகவே தெரியும். பிறகு மூலையை ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வளைவாக வரைந்து வெட்டிவிடுங்கள். 6 மி.மீ. கயிறென்றால் நாணயம் போதாது, டம்ளர் வாயை வைத்து வரையுங்கள். கூரான மூலையில் பைப்பிங் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிறு கூராக மடியாது, அவ்வளவுதான்.

சுருங்குவதற்குக் காரணம், மூலையில் பைப்பிங்கை இழுத்துப் பிடிப்பது. தைக்கும்போது கயிறு உள் வட்டத்தில் இருக்கிறது; திருப்பிய பிறகு வெளி வட்டத்துக்கு வருகிறது. அங்கே அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். ஆகவே மூலைக்கு வரும்போது பைப்பிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளே தள்ளிக்கொடுங்கள். மூலைக்கு அரை இஞ்ச் முன்னால் நிறுத்தி, பட்டியின் தையல் பகுதியில் மூன்று கட் கொடுங்கள். கட் தையலைத் தொடாமல் ஒரு நூல் முன்னால் நிற்க வேண்டும். கட் விரிந்து கொடுக்கும், பைப்பிங் வளையும். ஊசி துணிக்குள் இருக்கும்போதே ஃபுட்டைத் தூக்கித் திருப்புங்கள்.

தொடங்கிய முனையும் முடிக்கும் முனையும் சேரும் இடம் அசிங்கமாக இருக்கிறது.

மூலையில் தொடங்காதீர்கள், கீழ்ப்பக்கத்தின் நடுவில் தொடங்குங்கள். முதல் 2 இஞ்சைத் தைக்காமல் விட்டுவிட்டுத் தையலைத் தொடங்கி, சுற்றி வந்து, சேர்வதற்கு 2 இஞ்ச் முன்னால் நிறுத்துங்கள். வரும் முனை, தொடங்கிய முனையைத் தாண்டி 1 இஞ்ச் போகும்படி வெட்டுங்கள். அதன் தையலை ஒன்றரை இஞ்ச் பிரித்து, உள்ளே இருக்கும் கயிற்றை மட்டும் தொடங்கிய கயிற்றோடு முட்டும் அளவுக்கு வெட்டுங்கள். மேலே மூடும் துணியை அரை இஞ்ச் உள்ளே மடித்து, தொடங்கிய முனையை அதற்குள் படுக்கவைத்து மூடி, விட்ட இடத்தைத் தைத்துவிடுங்கள். இரண்டு கயிறு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கட்டி மாதிரித் தெரியும். முட்டிக்கொள்ளாமல் இடைவெளி விட்டால் பள்ளம் விழும். கயிறு பிரியாமலிருக்க வெட்டும் இடத்தில் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஜிப் எங்கே, எப்போது வைப்பது?

முன்துணியில் பைப்பிங் முழுவதும் தைத்த பிறகு. மீட்டர் ஜிப் 5-ஆம் நம்பர் எடுத்து, ரன்னரைத் தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள். ஜிப்பைக் குப்புற வைத்து, அதன் பல் கயிற்றை உரசும்படி, கீழ் ஓரத்தில் பைப்பிங்கின் மேலேயே தையுங்கள். மறுபக்கத்தைப் பின்துணியில் தையுங்கள். திருப்பினால் பைப்பிங்குக்குப் பின்னால் ஜிப் ஒளிந்துகொள்ளும். மீதி மூன்று பக்கத்தைத் தைக்குமுன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மறந்தால் திருப்ப வழியில்லாமல் உட்கார்ந்து தையல் பிரிப்பீர்கள். நான் இரண்டு முறை பிரித்திருக்கிறேன்.

கீழே ஜிப் வைப்பதென்றால் பைப்பிங் முனைகள் சேரும் இடம் அங்கே வேண்டாம், பக்கவாட்டில் கீழ்ப்பாதிக்கு மாற்றிவிடுங்கள். ஜிப்பே பயமாக இருந்தால், தலையணை உறை மாதிரிப் பின்துணியை இரண்டாக வெட்டி 4 இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைக்கலாம். பஞ்சு கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

திண்டுக்கு வட்டமாக வைப்பது எப்படி?

திண்டில் நல்ல பைப்பிங் இருந்தால் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். 8 இஞ்ச் விட்டம் உள்ள திண்டுக்கு முகத் துணியை 9 இஞ்ச் வட்டமாக வெட்டுங்கள். தையல் கோட்டின் சுற்றளவு 25 இஞ்சும் கொஞ்சமும் வரும். உடல் துணியின் சுற்று அதைவிட 1 இஞ்ச் கூடுதலாக, 26 இஞ்சும் கொஞ்சமும் இருக்கட்டும்.

பைப்பிங்கை வட்ட முகத்தில்தான் முதலில் தைக்க வேண்டும், உடலில் அல்ல. தையல் பகுதியில் அரை இஞ்சுக்கு ஒரு கட் கொடுத்துக்கொண்டே தையுங்கள். வட்டத்தையும் உடலையும் நான்காகவும், பிறகு எட்டாகவும் பிரித்துப் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்திவிட்டுச் சேருங்கள். உடல் துணியின் ஓரத்திலும் கட் தேவைப்படும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் துணி மிஞ்சி மடிப்பு விழும்.

ஊஞ்சல் பலகைக்கு?

பலகை அளவுக்கு ஸ்பாஞ்ச் வெட்டி, மேல் துணி, கீழ் துணி, நடுவில் பக்கவாட்டுப் பட்டி என்று தைப்பது. பைப்பிங் இரண்டு சுற்று போகும். 48-க்கு 20 இஞ்ச் பலகை என்றால் ஒரு சுற்று 136, இரண்டு 272, இணைப்புகளுக்குச் சேர்த்து 285 இஞ்ச். மேல் மூலையும் கீழ் மூலையும் ஒரே நேர்க்கோட்டில் விழ வேண்டும், இல்லையென்றால் மெத்தை முறுக்கிக்கொண்டு நிற்கும். மேல் பக்கத்தைப் பட்டியோடு தைத்தவுடன், நான்கு மூலைக்கும் நேர் கீழே பட்டியின் மறு ஓரத்தில் சின்னக் கட் கொடுத்து அடையாளம் வையுங்கள். கீழ்த் துணியின் மூலை அந்த அடையாளத்தில் வந்து உட்கார வேண்டும்.

முதல் துவைப்பில் சாயம் ஒட்டியது. இன்னொன்று சுருங்கி அலை அலையாக ஆனது.

சாயத்தில் நானும் பட்டிருக்கிறேன். சந்தன நிறத்தில் ஆறு உறை, அரக்கு நிறத்தில் பைப்பிங். கடைக்காரர் சாயம் போகாது என்று சத்தியம் செய்யாத குறை. முதல் துவைப்பில் ஓரமெல்லாம் ரோஸ். அதிலிருந்து அடர்நிறத் துணி எதுவானாலும், நனைத்த வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறேன். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வெளிர்நிறக் குஷனுக்கு ஆகாது. கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். ஏற்கெனவே சாயமேற்றி வந்த துணியில் அதை நம்பி இறங்காதீர்கள்.

அலை அலையாக ஆவது, கயிறும் துணியும் வேறு வேறு அளவில் சுருங்குவதால். கயிறு சுருங்கித் துணி சுருங்காவிட்டால் ஓரம் முழுக்க நெளியும். குஷன் துணி, பட்டித் துணி, கயிறு மூன்றையும் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. கைத்தறித் துணியென்றால் கஞ்சி போகும்வரை அலசுங்கள். வழுக்கும் துணிக்கு மட்டும் தலைகீழ்: அலசிய பிறகு லேசாகக் கஞ்சி போட்டு மொடமொடப்பாக இஸ்திரி போட்டால், கிராஸில் வெட்டும்போது நழுவாது.

பழைய பட்டுப்புடவை, லுங்கி, ஜமக்காளம் இவற்றில் பைப்பிங் எடுக்கலாமா?

லுங்கிக்கு என் முழு ஓட்டு. கட்டம் போட்ட துணியைக் கிராஸில் வெட்டினால் கட்டமெல்லாம் வைரமாக மாறும். கோடு போட்ட சென்னிமலைப் போர்வைத் துணி என்றால், பைப்பிங் மேல் கோடுகள் சுற்றிச் சுற்றி ஏறி, முறுக்கு மிட்டாய் மாதிரி இருக்கும். ஒரே நிறக் குஷனில் இதை வைத்தால் வேறு அலங்காரமே வேண்டாம்.

பட்டுப்புடவையில் உடல் பகுதியை எடுங்கள், ஜரிகைக் கரையை விடுங்கள். ஜரிகை கிராஸில் ஒழுங்காக வளையாது, கன்னத்தில் குத்தும். மடிப்பிலேயே இற்றுப்போன பழைய பட்டு, கயிற்றின் மேல் இழுத்ததும் பிளந்துவிடும். இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் விலகினால் அந்தப் புடவையைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

பவானி ஜமக்காளம் பைப்பிங்குக்கு ரொம்பத் தடிமன். அதையே குஷன் துணியாக்கி, மெல்லிய பருத்தியில் பைப்பிங் வைத்தால் பிரமாதம். வெட்டியவுடன் ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் நூல் நூலாக உதிர்ந்துவிடும்.

திரைச்சீலைக்கு?

கயிறு வைக்காதீர்கள். ஓரம் விறைத்து, சீலை மடிப்பு மடிப்பாக விழாது. கயிறு இல்லாமல் பட்டியை மட்டும் இரண்டாக மடித்து, கால் இஞ்ச் வெளியே தெரியும்படி வைத்துத் தையுங்கள்.

ரெடிமேடாக விற்கும் பைப்பிங் வாங்கினால் போதாதா?

அவசரத்துக்குப் போதும். சாட்டின் பளபளப்பும் நாலைந்து நிறமும்தான் இருக்கும், உங்கள் துணிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. கயிற்றின் தடிமனும் அவர்கள் வைத்ததுதான். ரெக்ஸின் பைப்பிங் வண்டி சீட்டுக்கு நல்லது, நடுக்கூடக் குஷனுக்கு வேண்டாமே.

டெய்லரிடம் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

‘பைப்பிங் வைங்கண்ணா’ என்று மட்டும் சொன்னால் ஜாக்கெட் பைப்பிங் மாதிரி மெல்லிசாக வைத்துவிடுவார். கயிற்றை நீங்களே வாங்கி, நனைத்து, காயவைத்துக் கொடுத்துவிடுங்கள். துணியை கிராஸில் வெட்டச் சொல்லுங்கள். துணி குறைவாகக் கொடுத்துவிட்டு கிராஸில் வெட்டச் சொன்னால் அவர் என்ன செய்வார், நேரில்தான் வெட்டுவார். மூலை வளைவாக வேண்டும் என்பதைத் துணியிலேயே வரைந்து கொடுங்கள். கூலி உறைக்கு இவ்வளவு என்று பேசாமல், பைப்பிங்குக்குத் தனியாக அடிக் கணக்கில் பேசுங்கள். அவருக்கு அதில் போகும் நேரம் உறை தைக்கும் நேரத்தைவிட அதிகம். முதலில் ஒன்றை மட்டும் தைத்து வாங்கி, பஞ்சு திணித்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.

பைப்பிங் இரண்டு மீட்டர் மிஞ்சிவிட்டது. என்ன செய்வது?

மிக்ஸிக்கு ஒரு உறை தைத்துவிடுங்கள். மேல் மடிப்பில் பைப்பிங் போனால், உறை தொளதொளவென்று தொங்காமல் பெட்டி மாதிரி நிற்கும்.